மயக்கத்திலும் தூங்காத காவல்காரன்!

சாப்பிடும்போது பேசாதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேசினால் புரையேறும். ஒரே ஒரு சோற்றுப் பருக்கை வழி தவறிப் போனால் போதும். இருமல் வெடித்துக் கிளம்பும். கண்ணில் நீர் கொட்டும். முகம் சிவந்து போகும். நெஞ்சு படபடவென்று அடித்துக் கொள்ளும்.

"யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி, பாட்டி உச்சந்தலையில் தட்டுவாள்.

ஒரு பருக்கைக்கே இந்தப் பாடு! சுண்டு விரல் பருமனுள்ள ஒரு குழாயை மூச்சுக் குழலுக்குள் செலுத்தினால் என்ன ஆகும்?

பெரிய ஆபரேஷன்களில் தினந்தோறும் இது நடக்கிறது. நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு, வாய் வழியாக மூச்சுக் குழலுக்குள் குழாய் செலுத்துகிறார்கள். அந்தக் குழாய் வழியாகத்தான் அவருக்கு உயிர்மூச்சு போய் வருகிறது.

நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய இருதயத்துக்குத் தெரியும்! அது திடுக்கிட்டுத் துள்ளுகிறது. அந்தத் துள்ளலை அடக்குவதற்கென்றே டாக்டர்கள் சில மருந்துகளைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தி எனக்கு எப்படித் தெரிய வந்தது? என் மாமாவின் ஆபரேஷன் தள்ளிப் போனதால் தெரிய வந்தது!

மாமாவின் ரகசியம்

என் மாமாவுக்கு வயது 58. மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் பித்தப்பையில் கல். அதை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நாள் குறித்தார்கள். அத்தை குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். ஊரிலிருந்து உறவினர்கள் வந்து சேர்ந்தார்கள்.

காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை தள்ளு வண்டி போயிற்று. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது!

"இன்றைக்கு ஆபரேஷன் இல்லை. ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது" என்றார்கள். மேல் அளவு 200. கீழ் அளவு 116.

வீட்டார் கொதித்துப் போனார்கள். "கல் இருப்பது பித்தப்பையில். ரத்தக் கொதிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கடையைப் பூட்டிப் போட்டு வந்திருக்கிறோமே!" என்று மாமாவின் மகன் சத்தம் போட்டான்.

அப்போது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வெளியே வந்தார். கோபப்படவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

மாமா அத்தையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, டாக்டரம்மா. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மருந்து என்று நிறுத்திவிட்டேன்" என்றார்.

அத்தை தலையில் அடித்துக் கொண்டாள்.

"நல்ல வேளை, இப்போதாவது சொன்னீர்கள். இன்றைக்கு உங்களை மயக்கிக் குழாய் போட்டிருந்தால், அந்த 200 இன்னும் எவ்வளவு மேலே போயிருக்குமோ!" என்றார் டாக்டரம்மா.

பிறகு அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். அவர் சொன்னதையும், பின்னர் நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எதற்காகக் குழாய்?

மயக்க மருந்து கொடுத்தால் தூக்கம் மட்டும் வருவதில்லை. தசைகள் தளர்ந்து போகின்றன. தசைகளை முழுவதும் தளர்த்தத் தனி மருந்தும் கொடுக்கிறார்கள். அப்போதுதான் வயிற்றுக்குள் சிக்கல் இல்லாமல் வேலை செய்ய முடியும்.

ஆனால், மூச்சு விடுவதும் தசைகளின் வேலைதான். அவை தளர்ந்தால் மூச்சு நின்று போகும். ஆகவே, டாக்டர்தான் நோயாளிக்காக மூச்சு விட வேண்டும்! குழாயின் வெளி நுனியை இயந்திரத்தோடு இணைத்து, பிராணவாயுவை உள்ளே அனுப்புகிறார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. குழாயின் உள் நுனிக்கு அருகில் ஒரு சிறு பலூன் இருக்கிறது. உள்ளே போனதும் அதில் காற்றை ஏற்றுவார்கள். அது உப்பி, குழாயைச் சுற்றி அடைத்துக் கொள்ளும். வயிற்றிலிருந்து எது மேலே வந்தாலும் நுரையீரலுக்குள் எளிதில் இறங்காது. ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி கிடக்கச் சொல்வதும் இந்தப் பயத்தினால்தான்.

குழாய் எப்படிப் போகிறது?

முதலில் நோயாளிக்கு முகமூடி மூலம் பிராணவாயு கொடுக்கிறார்கள். பிறகு ஊசி மூலம் தூக்க மருந்து ஏறுகிறது. சில வினாடிகளில் கண் மூடுகிறது. அடுத்துத் தசையைத் தளர்த்தும் மருந்து.

பிறகு டாக்டர் ஒரு கருவியை வாய்க்குள் விடுகிறார். அதற்கு லாரிங்கோஸ்கோப் என்று பெயர். கைப்பிடியும், வளைந்த தகடும், ஒரு சிறு விளக்கும் கொண்டது அது. நாக்கை ஒதுக்கி, அதன் அடிப்பகுதியைத் தூக்கிப் பிடித்தால், உள்ளே குரல் நாண்கள் வெள்ளையாகத் தெரியும். அவற்றின் நடுவில் உள்ள இடைவெளிதான் மூச்சுக் குழலின் வாசல். அதன் வழியாகக் குழாயைச் செலுத்துகிறார்கள்.

கைதேர்ந்தவருக்கு இதெல்லாம் அரை நிமிஷ வேலை. ஆனால், அந்த அரை நிமிஷத்தில்தான் இருதயத்துக்குச் சோதனை!

காவல்காரன் எழுப்பும் கூச்சல்

தொண்டை ஒரு நாற்சந்தி போன்றது. சோறும் அந்த வழியாகத்தான் போகிறது. மூச்சும் அந்த வழியாகத்தான் போகிறது. இரண்டும் வழி மாறினால் உயிருக்கே ஆபத்து. அதனால் இயற்கை அங்கே பலமான காவல் போட்டிருக்கிறது. நாக்கின் அடியிலும், குரல்வளையிலும், மூச்சுக் குழலிலும் நரம்பு நுனிகள் நிறைந்திருக்கின்றன. அந்நியப் பொருள் எது பட்டாலும் அவை மூளைக்குத் தந்தி அடித்துவிடும்.

நோயாளி மயக்கத்தில் இருக்கிறாரே என்று கேட்கலாம்.

"வீட்டுக்காரர் தூங்குகிறார். வாசலில் இருக்கும் காவல்காரன் தூங்குவதில்லை" என்றார் டாக்டரம்மா. "மயக்கம் ஓரளவுக்கு இருந்தால் நோயாளிக்கு நினைவு இருக்காது, வலி தெரியாது. ஆனால், மூளையின் அடித்தண்டில் இருக்கும் காவல் விழித்துக் கொண்டுதான் இருக்கும்."

தகட்டைத் தூக்கியவுடன் காவல்காரன் கூச்சல் போடுகிறான். நரம்புகள் வழியாக உத்தரவு பறக்கிறது. அட்ரினலின், நார் அட்ரினலின் என்ற இரண்டு பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. நாம் பாம்பைக் கண்டு பதறும்போது ஊறுகிற அதே பொருள்கள்தான்.

உடனே நாடி வேகமாக ஓடுகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறுகிறது. ஓரிரு நிமிஷத்துக்குள் அது உச்சத்தைத் தொட்டுவிடும். பிறகு மெல்ல மெல்ல இறங்கி, சுமார் ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் பழைய நிலைக்கு வரும்.

தகடு எவ்வளவு நேரம் தொண்டைக்குள் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கூச்சலும் அதிகம். ஆகவே, விரைவாக முடிக்கும் கைத்திறமையே முதல் மருந்து!

யாருக்கு ஆபத்து?

இருபது வயது இளைஞனுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மாடிப்படி ஏறி இறங்கியது போல அவன் இருதயம் அதைச் சமாளித்துவிடும்.

ஆனால், எல்லோருடைய இருதயமும் ஒன்று அல்லவே!

வயலுக்கு நீர் பாய்ச்சும் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். குழாய் புதிதாக இருந்தால், திடீரென்று வேகம் கூடினாலும் தாங்கும். வெயிலில் காய்ந்து, தேய்ந்து போன குழாய் என்றால், நலிந்த இடத்தில் உப்பும், வெடித்தாலும் வெடிக்கும்.

மூளையில் உள்ள ரத்தக் குழாயின் சுவர் சிலருக்கு ஓரிடத்தில் மெலிந்து, குமிழி போல உப்பியிருக்கும். அதைச் சரி செய்யத்தான் அவர்கள் ஆபரேஷனுக்கே வருகிறார்கள். குழாய் போடும்போது அழுத்தம் ஏறி அந்தக் குமிழி வெடித்தால், ஆபரேஷன் தொடங்கும் முன்பே உயிர் போய்விடக் கூடும்.

கர்ப்பிணிகளில் சிலருக்குக் கடைசி மாதங்களில் ரத்தக் கொதிப்பு ஏறும். இது பேறுகாலத்தின் பெரிய அபாயங்களில் ஒன்று. அவசரமாக மயக்கம் கொடுத்துக் குழந்தையை எடுக்க நேர்ந்தால், குழாய் போடும் நேரத்தில் அழுத்தம் மேலும் ஏறி, மூளையில் ரத்தக் கசிவு ஏற்படக் கூடும். தாயின் உயிருக்கே ஆபத்து.

இருதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் சங்கடம்தான். இருதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. தன் சொந்தத் தசைக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே, ஓய்வு எடுக்கும் கணத்தில்தான் அது பெறுகிறது. துடிப்பு வேகமாகிவிட்டால் அந்த ஓய்வு குறைந்து போகும். வேலையோ அதிகம், கூலியோ குறைவு! அதனால் மாரடைப்பு ஏற்படக் கூடும்.

என் மாமாவைப் போல ரத்தக் கொதிப்பை அடக்காமல் விட்டவர்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவர்களே. அவர்களுக்குக் குழாய் போடும்போது அழுத்தம் மற்றவர்களைவிட அதிகமாகத் துள்ளும். தூக்க மருந்து ஏறும்போது அதேபோல் திடீரென்று சரியும். ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும்.

விரலால் போட்ட குழாய்

இந்த வித்தைக்கு ஒரு பழைய கதை உண்டு.

1846-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயக்கிக் காட்டினார். வலியில்லாத ரண சிகிச்சை அன்று உலகத்துக்குத் தெரிந்தது.

1878-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்கெவன் என்ற டாக்டர் இருந்தார். அவரிடம் வாய்க்குள் புற்றுநோய் வந்த ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். ஆபரேஷன் செய்தால் ரத்தம் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். மெக்கெவன் ஒரு குழாயை எடுத்தார். நோயாளி விழித்திருக்கும்போதே, விரலால் வழி பார்த்து, அதை மூச்சுக் குழலுக்குள் செலுத்தினார். பிறகு அதன் வழியாகவே குளோரோபாரம் கொடுத்தார். அந்த நோயாளியின் பொறுமையை என்னவென்று சொல்வது!

முதல் உலக யுத்தம் முடிந்த சமயம். முகம் சிதைந்த போர் வீரர்கள் பலர் இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முகத்திலேயே ஆபரேஷன் என்றால், முகமூடியை எங்கே வைப்பது? அங்கே மயக்க மருந்து கொடுத்து வந்த ஐவன் மகில் என்பவர் ரப்பர்க் குழாயைப் பக்குவப்படுத்தி, இந்த முறையை நிலைநாட்டினார்.

1943-ல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ராபர்ட் மாக்கின்டாஷ் வளைந்த தகட்டைக் கொண்டு வந்தார். இன்றும் உலகெங்கும் அந்த வளைந்த தகடு வழக்கத்தில் இருக்கிறது.

வேலை எளிதாயிற்று. ஆனால், இருதயம் துள்ளுவதை ஆரம்பத்தில் பலர் கவனிக்கவில்லை.

கண்டுபிடித்தது எப்படி?

1940-ல் அமெரிக்காவில் ரீட், பிரேஸ் என்ற இருவர், மூச்சுப் பாதையைச் சீண்டினால் இருதயத்தில் அதன் விளைவு தெரிகிறது என்று எழுதினார்கள். 1951-ல் கிங் என்பவரும் அவருடைய சகாக்களும், தொண்டையில் தகட்டை வைத்துக் குழாய் போடும்போது அழுத்தமும் நாடியும் ஏறுவதை அளந்து காட்டினார்கள்.

1971-ல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பிரைஸ்-ராபர்ட்ஸ் குழுவினர் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களை ஆராய்ந்தார்கள். கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்தத் துள்ளல் பெரிதாக இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார்கள்.

அதற்குள் மருந்துகளும் ஒவ்வொன்றாக வந்து கொண்டிருந்தன.

கூச்சலை அடக்கும் மருந்துகள்

காவல்காரனின் கூச்சலை மூன்று இடங்களில் அடக்கலாம். அவன் வாயைப் பொத்தலாம். கூச்சல் மூளைக்குப் போய்ச் சேராமல் தடுக்கலாம். அல்லது, கூச்சல் கேட்டாலும் இருதயம் பதறாமல் பார்த்துக் கொள்ளலாம்.

வாயைப் பொத்துவது லிக்னோகெயின். பல் பிடுங்கும்போது மரத்துப் போக ஊசி போடுகிறார்களே, அதே மருந்துதான். 1943-ல் ஸ்வீடன் நாட்டில் உருவானது. தொண்டையில் பீய்ச்சினால் நரம்பு நுனிகள் மரத்துப் போகும். நரம்பு ஊசியாகவும் கொடுப்பதுண்டு. அப்படிக் கொடுத்தால், குழாய் போடுவதற்குச் சுமார் ஒன்றரை நிமிஷம் முதல் மூன்று நிமிஷம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். இந்த மருந்தின் பலன் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

இரண்டாவது வேலையைச் செய்வது பென்டனில். 1960-ல் பெல்ஜியம் நாட்டில் பால் ஜான்சன் என்பவர் உருவாக்கிய வலி மருந்து இது. அபினி வகையைப் போல வேலை செய்யும். ஆனால் அதைவிடப் பன்மடங்கு வலியது. மிகமிகச் சிறிய அளவே போதும். மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் இதன் வேகம் உச்சத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்துக் குழாய் போட்டால் துள்ளல் அடங்கும். அளவு கூடினால் மூச்சு அடங்கிவிடும். மார்புத் தசை விறைத்துக் கொள்ளவும் கூடும்.

மூன்றாவது வகை இருதயத்தையே பாதுகாப்பது. அட்ரினலின் இருதயத்தில் வந்து உட்காரும் இடத்தை அடைத்துவிட்டால் என்ன என்று ஸ்காட்லாந்து நாட்டு ஜேம்ஸ் பிளாக் யோசித்தார். அதன் பயனாக 1964-ல் புரோப்ரனலால் என்ற மருந்து வந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், புரோப்ரனலால் பல மணி நேரம் உடம்பில் தங்கும். இருதயம் துள்ளுவதோ பத்து நிமிஷம்! கொசுவை விரட்ட வீட்டையே பூட்டுவது போல அல்லவா ஆகும்?

இந்தக் குறையைத் தீர்க்க எஸ்மலால் என்ற மருந்து 1986-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதன் விசேஷம் என்ன தெரியுமா? ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு முறை இது பாதியாகக் குறைந்து போகும். ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் உள்ள ஒரு பொருளே அதை உடைத்துவிடுகிறது. வருகிற விருந்தாளி வேலையை முடித்துவிட்டுத் தானே கிளம்பிப் போவது போல!

இவை தவிர, நரம்பு மண்டலத்தின் பரபரப்பைத் தணிக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து 1999-ல் வந்தது. இதை அவசரமாகச் செலுத்தக் கூடாது. சுமார் பத்து நிமிஷம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். கொதிப்பு ஏறிய கர்ப்பிணிகளுக்கு மெக்னீசியம் சல்பேட்டும் கை கொடுக்கிறது.

இவற்றில் எதை, யாருக்கு, எவ்வளவு, எந்த நிமிஷத்தில் கொடுப்பது என்பதுதான் மயக்க டாக்டரின் கலை. சமையலில் தாளிப்பது போல, எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. முந்தினாலும் வீண்; பிந்தினாலும் வீண்.

அதிகமானால் அமுதமும் நஞ்சு

அப்படியானால், எல்லோருக்கும் எல்லா மருந்தையும் நிறையக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது!

துள்ளல் ஐந்து பத்து நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். மருந்தின் வேகம் அதற்கு மேலும் நீடித்தால், ரத்த அழுத்தம் படுத்துவிடும். மூளைக்கும், இருதயத்துக்கும், சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாமல் போகும். முதியவர்களுக்கு இது மிகவும் அபாயம்.

சாலை விபத்தில் ரத்தம் இழந்து வருகிறவர் இருக்கிறார். அவருடைய நாடி வேகமாக ஓடுவதுதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. அந்த வேகத்தை மருந்தால் அடக்கினால் விளக்கை ஊதி அணைத்தது போல் ஆகிவிடும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, அட்ரினலினைத் தடுக்கும் மருந்தால் மூச்சுக் குழல் இறுகக் கூடும். கைக்குழந்தைகளின் சங்கதி வேறு. தொண்டையைச் சீண்டினால் அவர்களுடைய நாடி ஏறுவதற்குப் பதில் இறங்கிவிடுவதும் உண்டு. அதற்கு அட்ரோபின் என்ற வேறு மருந்தைத் தயாராக வைத்திருப்பார்கள்.

2008-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி டாக்டர்களுக்கே பாடம் புகட்டியது. 23 நாடுகளில் 8,351 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, ஆபரேஷன் நாளன்று புதிதாக மெட்டப்ரலால் என்ற மருந்தைத் தொடங்கி, ஒரு மாதம் வரை கொடுத்தார்கள். இதுவும் அட்ரினலினைத் தடுக்கும் மருந்துதான். மாரடைப்பு குறைந்தது. ஆனால், பக்கவாதமும் மரணமும் அதிகமாகிவிட்டன! இருதயத்தைக் காக்கப் போய் உயிரை இழக்கலாமா? அதன் பிறகு டாக்டர்கள் இந்த விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதை ஆகிவிட்டார்கள்.

மருந்து இல்லாமலும் துள்ளலைக் குறைக்க வழிகள் உண்டு. 1980-களில் லண்டன் டாக்டர் ஆர்ச்சி பிரெய்ன் புதுமாதிரி முகமூடி ஒன்றை உருவாக்கினார். அது வாய்க்குள் போய், குரல்வளைக்கு மேலேயே உட்கார்ந்து கொள்ளும். மூச்சுக் குழலுக்குள் நுழையாது. ஆகவே காவல்காரனுக்குக் கோபம் குறைவு. எல்லா ஆபரேஷனுக்கும் அது ஏற்றதல்ல. ஏற்ற இடத்தில் நல்ல பலன் தருகிறது.

மாமாவின் இரண்டாவது பயணம்

மாமா வீட்டுக்குத் திரும்பினார். அத்தை மாத்திரைப் பெட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டாள். காலைக் காப்பியோடு மாத்திரை. அதை விழுங்கிய பிறகுதான் கடைச் சாவி!

ஆறு வாரம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த அழுத்தம் 138-க்கு 84. இந்தத் தடவை தள்ளு வண்டி திரும்பி வரவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் இரண்டு நாளாகத் தெரிந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டரம்மா ஒரு காகிதத்தைக் காட்டினார். மயக்கத்தில் இருந்தபோது அடிக்கடி எடுத்த அளவுகள் அதில் வரிசையாக இருந்தன.

தூக்க மருந்து ஏறியதும் மேல் அளவு 114. குழாய் உள்ளே போனதும் 146. நான்கு நிமிஷம் கழித்து 124.

"பார்த்தீர்களா? இந்தச் சிறு மேடுதான் குழாய் போட்ட நேரம்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். "அன்றைக்கே செய்திருந்தால் இது மலையாக இருந்திருக்கும்."

அன்று சத்தம் போட்ட மாமாவின் மகன் தலை குனிந்து நின்றான். "மன்னித்துக் கொள்ளுங்கள், டாக்டர்" என்றான்.

"அப்பா மேல் உள்ள பிரியத்தில்தானே கோபப்பட்டீர்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், இந்தச் சில விஷயங்களை மறக்காதீர்கள்.

மயக்க டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, இருதய நோய், ஆஸ்துமா, சர்க்கரை வியாதி, பழைய பக்கவாதம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று பயப்பட வேண்டாம்.

சாப்பிடும் மருந்துகளைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எதையும் விட வேண்டாம். புகை, மது, புகையிலைப் பழக்கத்தையும் சொல்லிவிடுங்கள்.

"வெறும் வயிறு" என்றால் மாத்திரையும் கூடாது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சில மாத்திரைகளை அன்று காலையிலும் ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கச் சொல்வார்கள். அட்ரினலினைத் தடுக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இருதயம் துள்ளி எழும். வேறு சில கொதிப்பு மாத்திரைகளை அன்று ஒரு வேளை விட்டுவிடச் சொல்வார்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதித் தரலாம்.

ஆடும் பல், பொய்ப் பல் இருந்தால் தெரிவியுங்கள். தகடு பட்டுப் பல் உடையலாம். முன்பு எப்போதாவது குழாய் போடக் கஷ்டமாக இருந்தது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தால், அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அவசரமில்லாத ஆபரேஷனை டாக்டர் தள்ளி வைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். பொதுவாக மேல் அளவு 180-க்கும், கீழ் அளவு 110-க்கும் மேல் இருந்தால் டாக்டர்கள் தயங்குவார்கள். உயிருக்கு அவசரம் என்றால் அவர்களே தள்ளிப் போட மாட்டார்கள்.

மாமா கண் விழித்ததும் அத்தை ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக் கொண்டாள். "என்னங்க, எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள்.

"ஒன்றும் தெரியவில்லை. தூங்கி எழுந்தது போல் இருக்கிறது. தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது" என்றார் மாமா.

அந்தக் கரகரப்பு மறுநாளே போய்விட்டது. மாத்திரைப் பெட்டி மட்டும் இன்றைக்கும் அத்தையின் கையில்தான் இருக்கிறது!